கிருபாவதி வீட்டு இடதுகை கிட்டார்கள்

ஜீப்பின் ஃபேன் பெல்ட் இடது கையின் மூன்று விரல்களைக் கொண்டுபோன அன்று, ஆண்டனி ராஜ் முதலில் நினைத்தது வரும் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியைத்தான்.

கம்பத்திலிருந்து மலை மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் அவனுக்குப் பிழைப்பு. ஊரில் பேர் வாங்கிக் கொடுத்தது, பாட்டுக்கு அடியில் கனத்த சுரமாக ஓடுகிற பேஸ் கிட்டார். அஜய்குமார் நடத்தும் இன்னிசைக் குழுவில் பதினாறு வருடமாக அவன்தான் பேஸ். இடது கை கம்பியை அமுக்கும், வலது கை மீட்டும். அமுக்குகிற கையில் இப்போது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்தான் மிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், கிட்டாரை உறையில் போட்டு பீரோவுக்கு மேலே வைக்கச் சொன்னான். மனைவி செலின் நாற்காலி போட்டு ஏறி வைத்தாள்.

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். உயிர் தப்பியதே பெரிசு என்றார்கள். மூன்றாவது வாரம் தேனியிலிருந்து கிருபாவதி வந்தார்.

தேனி கடைத்தெருவில் அவர்களுக்கு இரும்புக்கடை. கணவர் ஞானசிகாமணி கல்லாவில் இருப்பார். கிருபாவதி ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுப்பார். ஐம்பதை நெருங்கும் வயது. ஞாயிறுதோறும் சர்ச் பாட்டுக் குழுவில் பேஸ் வாசிப்பார். பிறவியிலேயே இடதுகைக்காரர் என்பதால் அவருடைய கிட்டார், கண்ணாடியில் தெரிகிற கிட்டார் மாதிரி எல்லாம் திரும்பி இருக்கும். ஒரு தடவை போடியில் இரண்டு குழுவும் ஒரே மேடையில் வாசித்தபோது, ஆண்டனி அதை ஆசைக்கு வாங்கி மடியில் வைத்துப் பார்த்தான். ஒரு சுரம்கூட உருப்படியாக வரவில்லை.

கிருபாவதி பழம் எதுவும் கொண்டுவரவில்லை. உட்கார்ந்ததுமே, "கட்டுப் பிரிச்சாச்சா? இங்கன காட்டுங்க" என்றார். மிஞ்சிய இரண்டு விரல்களையும் மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், தன் உள்ளங்கையில் தட்டச் சொன்னார். கடைக்கு வருகிறவரிடம் கீலின் அளவு கேட்கும்போது இருக்கிற அதே முகம்.

"சோத்துக்கையில அஞ்சும் நல்லா இருக்குல்ல?"

"இருக்குக்கா. இருந்து என்ன செய்ய?"

"எங்கிட்ட இருக்கிறது பூராம் இடதுகை கிட்டாரு தம்பி. அதுல அமுக்குறது சோத்துக்கை. இந்தக் கை மீட்டுனாப் போதும். மீட்டுறதுக்கு ரெண்டு வெரலு தாராளம்."

ஆண்டனிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம் வந்தது.

"பதினாறு வருசம் பழகுன கைய இப்பப் போயி மாத்தச் சொல்றீகளேக்கா."

"மாத்தச் சொல்லல. வந்து பாக்கத்தான் சொல்றேன்."

வாசல்படியில் நின்றிருந்த செலின், "நாளைக்கே கூட்டிட்டு வாறேன்" என்றாள்.

தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் கிருபாவதி வீட்டு மாடியறையில் பதினோரு பேஸ் கிட்டார்கள் சுவரில் தொங்கின. எல்லாமே இடதுகை. ஆண்டனி வாசலிலேயே நின்றுவிட்டான். இடதுகை பேஸ் கடையில் பார்த்து வாங்குகிற சாமான் இல்லை. மதுரையில் கேட்டால் ஆர்டர் போட வேண்டும் என்பார்கள், பிறகு மறந்துபோவார்கள். ஒவ்வொன்றையும் கிருபாவதி தேடிப் போய்த்தான் பிடித்திருந்தார். கறுப்பு நிறத்தது, கொச்சியில் ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்தவர் வெளிநாடு போகும்போது கொடுத்தது. ஐந்து கம்பி வைத்தது, சென்னையில் யாரோ விற்பதாகப் போனில் பார்த்து அன்றைக்கே பஸ் ஏறிப் போய் வாங்கியது. ஒன்று, கம்பிகள் ஓடுகிற கழுத்தான நெக் வளைந்து கிடைத்ததாம். அதற்குள் இருக்கிற திருகாணியை மாதம் கால் சுற்றாக ஒரு வருடம் திருகி நிமிர்த்தியிருக்கிறார்.

அந்த நிமிர்ந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் நாலைந்து நிமிடம் வாசித்தார். கூட எந்த வாத்தியமும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனாலும் பாட்டு நடந்துகொண்டிருப்பது போலவும், தனக்குத்தான் அது கேட்கவில்லை போலவும் ஆண்டனிக்கு இருந்தது. எந்த சுரத்தையும் அவர் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இத்தனை நாள் இவரை 'கடைக்கார அக்கா நல்லா வாசிப்பாக' என்று மட்டும் சொல்லிவந்ததை நினைத்து வெட்கப்பட்டான்.

பிறகு கிருபாவதி ஓரத்தில் தொங்கிய சிவப்பு கிட்டாரை எடுத்து அவன் மடியில் வைத்தார். "இது எடை கம்மி. நெக்கும் குட்டை. புதுக் கைக்கு எட்டும். கொண்டு போங்க."

முதல் மாதம் வலது கை நுகத்தடி காணாத கன்று மாதிரி இழுத்த பக்கம் வரவில்லை. மனசு பாட்டு முழுவதையும் வாசித்து முடித்துவிடும். விரல் இரண்டாவது சுரத்திலேயே நிற்கும். திரும்ப ஜீப் ஓட்ட ஆரம்பித்த பிறகு கிட்டாரையும் சீட்டில் போட்டுக்கொண்டு போனான். தோட்டத்தில் ஆள் இறக்கிவிட்டுச் சாயங்காலம் வரை காத்திருக்கிற நேரமெல்லாம் பழகினான். சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் இல்லாத பேஸுக்குச் சத்தம் ஏது? ஏலக்காய் எடுக்கிற முத்துமாரியம்மாள் ஒரு நாள் கேட்டார்:

"என்னப்பா, மூணு மாசமா அந்தக் கம்பியப் போட்டு அமுக்குற. ஒண்ணும் கேக்கலயே."

"எனக்குக் கேக்குது ஆத்தா."

"அப்பச் சரி" என்று அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஏழாவது மாதம் ஆணி வாங்க இரும்புக்கடைக்குப் போனபோது, ஞானசிகாமணி பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். அந்தச் சிவப்பு கிட்டாரைக் கண்டுபிடிக்கக் கிருபாவதி இரண்டு வருடம் அலைந்தாராம். தோள்பட்டை வலிக்கு எடை குறைந்ததாக வேண்டும் என்று அவர் தனக்காகவே வாங்கியது. இப்போது சர்ச்சில் பழைய கனத்த கிட்டாரை மாட்டிக்கொண்டுதான் வாசிக்கிறார். ஞாயிறு மத்தியானம் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறார்.

ஆண்டனி நேராக உள்ளே போனான்.

"அக்கா, இந்த வாரமே கிட்டாரத் திருப்பித் தாறேன்."

கிருபாவதி கணவரை ஒரு பார்வை பார்த்தார். "மொதல்ல ஒரு கச்சேரி வாசிங்க தம்பி. அதுக்குப் பெறகு பேசுவோம்."

கம்பத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் அவன் வாசித்தான். ஒத்திகையிலேயே அஜய்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் மேடைக்கு எதிரே பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த நானூறு பேரில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பேஸ்காரனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. முன்வரிசையில் செலினுக்குப் பக்கத்தில் கிருபாவதி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மேடைக்கு வந்து, "மூணாவது பாட்டுல ஒரு எடத்துல முந்திட்டீக. மத்ததெல்லாம் சுத்தம்" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் சிவப்பு கிட்டாரை வாங்கிக்கொள்ளவில்லை. ஆண்டனி தேட ஆரம்பித்தான். மலைக்கு மேலே தினமும் போகிறவன். மலையாளமும் நன்றாக வரும். குமுளியிலும் கட்டப்பனையிலும் பாட்டுக் குழுக்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர்கள் என்று ஒருவர் விடாமல் விசாரித்தான். இடதுகை, எடை குறைவு என்று இரண்டையும் சொன்னால் பாதிப் பேர் சிரித்தார்கள். நாலு மாதம் கழித்து, ஒரு ஒலிபெருக்கிக் கடைக்காரரின் மைத்துனரிடம் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. வாசிப்பதை விட்டுவிட்டு மிளகு வியாபாரத்துக்குப் போய்விட்டவர். பச்சை நிறம். தூக்கிப் பார்த்தான், சிவப்பைவிடவும் லேசு.

அதைப் பின் சீட்டில் படுக்கவைத்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினான். நேரே பழனிசெட்டிபட்டி மாடிக்குக் கொண்டுபோய் இரண்டு கிட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"எது வேணுமோ எடுத்துக்கங்கக்கா."

கிருபாவதி பச்சையைத் தோளில் மாட்டினார். தோளை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மீட்டினார். முகம் மெல்ல மாறியது.

"எங்கன புடிச்சீக இத?"

"கட்டப்பனையில. மொளகு யாவாரி வீட்டுல."

"நானும் அங்கன ரெண்டு தடவ போயிருக்கேன். கெடைக்கலயே" என்றவர் சிவப்பைக் கையால் காட்டினார். "எடுத்து மாட்டுங்க. ஆம்புல ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு."

கீழே மேசையில் போன் அடித்தது. கடையில் ஆள் காத்திருப்பதாக ஞானசிகாமணியாகத்தான் இருக்கும். கிருபாவதி அதைக் காதில் வாங்கவே இல்லை. அவர் மெதுவாக ஒரு சுரவரிசையை வாசித்துக்கொண்டே போக, ஆண்டனி அதற்கு மேலே தன் வலது கையை ஓட்டினான்.