அறுப்புத் தடை நாளில் ஒரு பயிற்சி வகுப்பு

என் நூலகத்த மூடப்போற சேதிய எனக்கு யாரும் சொல்லலை. நானே படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மாசா மாசம் வட்டார நூலகத்துலேர்ந்து ஒரு செய்திமடல் வரும். மேற்கு ஆஸ்திரேலியாவுல ஒத்தை ஆள வச்சு ஓட்டுற சின்ன ஊர் நூலகங்களுக்குன்னே வர்றது. முன்பக்கம் பயிற்சி வாய்ப்புகள், பின்பக்கம் வட்டாரச் செய்திகள். கிழிஞ்ச அட்டைய எப்படி ஒட்டறது, எந்த ஊர்ல புதுசா நாற்காலி வாங்கினாங்க, எந்த ஊர்ல கூரை ஒழுகுதுன்னு எல்லாம் இருக்கும். நவம்பர் மடல்ல கடைசிப் பத்தி இப்படி இருந்துச்சு: "கூலார்டின் நூலகம் புத்தாண்டிலிருந்து பணியாளர் இல்லாத அலமாரிச் சேவையாக மாறுகிறது. வாழ்த்துகள்!"

வாழ்த்துகளாம்! அந்தக் கதவத் தெறக்கறவளும் நான்தான், பூட்டறவளும் நான்தான். கோரலி ஸ்டப்பிங்னா இந்த ஊர்ல நூலகம்னுதான் அர்த்தம். என்னத் தூக்கிப் போட்டுட்டு எனக்கே வாழ்த்தா? டீய அப்படியே வச்சுட்டு, மடலச் சுருட்டிக்கிட்டு, ரோட்டத் தாண்டி ஊராட்சி ஆபீஸுக்குப் போனேன்.

அங்க நிர்வாக அதிகாரி அஷ்வெல் இருந்தார். போன குளிர்காலத்துல பெர்த்லேர்ந்து வந்தவர். கோதுமை பச்சையா நிக்கறதப் பாத்திருக்கார், அறுப்ப இன்னும் பாக்கலை.

"என்ன இது?"ன்னு மேசை மேல போட்டேன்.

"அடடா, அதுக்குள்ள போட்டுட்டாங்களா? ஊராட்சி மன்றம் இன்னும் ஒப்புதல் குடுக்கலை. அது வெறும் சம்பிரதாயந்தான். நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன், கோரலி."

"எப்ப? அலமாரிக்கு ஆணி அடிக்கறப்பவா?"

அவர் சிரிக்கலை. "நானும் வந்து பாத்திருக்கேன். பாதி நாள் அங்க ஈ காக்கா இல்லை."

"ஊர்க்காரங்களக் கேட்டீங்களா?"

"கேக்கத்தான் போறோம். கருத்துக் கேட்புக் கூட்டம் ஒண்ணு நடத்தணும்னு விதி இருக்கு. டிசம்பர்ல வச்சுடலாம்."

"டிசம்பர்லயா? கோடை அறுப்பு நேரத்துல எவன் மிஷின விட்டு எறங்கி வருவான்?"

"ஆர்வம் இருக்கறவங்க வருவாங்க"ன்னு சொல்லிட்டு லேசா ஒரு சிரிப்பு சிரிச்சார். அந்தச் சிரிப்புலயே எனக்கு எல்லாம் வெளங்கிப்போச்சு. யாரும் வரக்கூடாதுன்னே நேரம் பாத்து வக்கிற கூட்டம் அது. 'கேட்டோம், ஒருத்தரும் வரலை'ன்னு எழுதிட்டுக் கதவச் சாத்திடலாம் பாருங்க.

அவர் சொன்னதுலயும் பாதி உண்மை இருக்கு. வானம் தெளிவா இருக்கற நாள்ல என் நூலகத்துல ஆள் இருக்காது, எல்லாரும் வயல்ல இருப்பாங்க. அவருக்குத் தெரியாதது தடை நாள். கோதுமை காஞ்சு நிக்கறப்ப, வெயிலும் காத்தும் எல்லை மீறினா ஊராட்சி அறுப்புத் தடை போடும். அறுக்கற மிஷின்லேர்ந்து ஒரு பொறி பறந்தாப் போதும், வட்டாரமே சாம்பல். எல்லார் ஃபோனுக்கும் சேதி வரும். வந்த நிமிஷம் மிஷின நிறுத்தணும், வயல்ல வண்டி ஓடக்கூடாது. அப்புறம் எங்க போவாங்க? எங்கிட்டதான் வருவாங்க. தடைன்னா நூலகம் தெறந்திருக்கும், கிழமை கிடையாது, லீவு கிடையாது. மிஷினுக்குள்ள பகலெல்லாம் தனியா உக்காந்திருக்கறவங்களுக்குக் காதுல கேக்க ஒரு கதை வேணும். வயல்ல சிக்னல் வராது. அதனால ஒவ்வொருத்தன் ஃபோனயும் வாங்கி ஒலிப்புத்தகம் ஏத்தி விடுவேன். எவனுக்குக் கொலைக் கதை பிடிக்கும், எவன் காதல் கதைய யாருக்கும் தெரியாமக் கேப்பான், எல்லாம் எனக்கு அத்துப்படி.

திரும்பி வந்து மடல மறுபடி பிரிச்சேன். முன்பக்கத்துல ஒரு பயிற்சி போட்டிருந்தாங்க: 'மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி? ஒரு நாள் செய்முறைப் பயிற்சி. பயிற்சியாளர் உங்கள் நூலகத்துக்கே வந்து உண்மையான கூட்டத்தை நடத்திக் காட்டுவார். நாளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.'

நாள நாமளே குறிக்கலாமாம்! உடனே ஃபோன எடுத்தேன்.

பயிற்சியாளர் பேர் பெத்தனி. சின்ன வயசு, நல்ல குரல். "ரொம்ப சந்தோஷம் கோரலி, உங்க ஊர்லேர்ந்து யாருமே பயிற்சிக்குக் கேட்டதில்லையே! எந்தத் தேதி?"ன்னா.

"அஞ்சாறு நாள் முன்னாடிதான் சொல்ல முடியும், கண்ணு. வருவியா?"

"வரேன். ஆனா என்ன காரணம்?"

"காத்துதான் காரணம்"னேன். பைத்தியம்னு நினைச்சிருப்பா.

விஷயத்தச் சொன்னதும் அஷ்வெல்லுக்கு ஒரே குஷி. "பயிற்சியும் ஆச்சு, கூட்டமும் ஆச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. நாள நீங்களே குறிங்க, எந்த நாளா இருந்தா என்ன!"

அப்புறம் நான் மெர்வப் பிடிச்சுக்கிட்டேன். மெர்வ்தான் எங்க ஊர்த் தீத்தடுப்பு அலுவலர். சம்பளம் இல்லாத பதவி, அவனும் விவசாயிதான். காத்து அளக்கற கருவிய வண்டியிலயே வச்சிருப்பான். எல்லை மீறினா அவன் நிர்வாக அதிகாரிக்குச் சொல்லுவான், அதிகாரி எல்லார் ஃபோனுக்கும் சேதி அனுப்புவார். டிசம்பர் முதல் வாரம் அவன் சொன்னான், "வர்ற வெள்ளிக்கிழமை நாப்பத்திமூணு டிகிரி. வடகிழக்குக் காத்து வரும்போல இருக்கு. இந்த வருஷம் முதல் தடை அன்னைக்குத்தான் விழும்னு நினைக்கிறேன்."

"அப்ப வெள்ளிக்கிழமைதான் கூட்டம்."

"இங்க பாரு கோரலி, காத்து வரலைன்னா உனக்காக ஒரு புள்ளி கூட ஏத்திச் சொல்ல மாட்டேன்."

"ஏத்திச் சொன்னா உன் கழுத்த நானே நெரிப்பேன்டா."

ஊரே என்னத் திட்டுச்சு. வெஸ் வாசல்லயே நின்னு கத்தினான். பொண்டாட்டி போனப்புறம் தனியாளா நிலத்தப் பாத்துக்கறவன் அவன். "உனக்கு மூளை கழண்டுபோச்சா? வெள்ளிக்கிழமை நான் மேற்கு வயல அறுக்கணும். சனிக்கிழமை மழைங்கறான். எவன் வருவான் உன் கூட்டத்துக்கு?"

"காத்து அடிச்சா வருவியா?"

"காத்து அடிச்சா வேற எங்க போறது?"

"அது போதும், கெளம்பு"ன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில எழுந்து பாத்தா ஒரு இலை அசையலை. நாலா பக்கமும் மிஷின் ஓடுற தூசி. வானம் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. பெத்தனி நேரத்துக்கு வந்து நாற்காலியப் போட்டா, கலர் கலரா அட்டை ஒட்டினா. அஷ்வெல் இஸ்திரி போட்ட சட்டையில வந்து முன் வரிசையில உக்காந்தார். பத்து மணிக்குக் கூட்டத்துல இருந்தது நாங்க மூணு பேர்தான்.

"கொஞ்ச நேரம் பாத்துட்டு முடிச்சுக்கலாம்"னார் அவர். "யாரும் வரலைன்னு எழுதிக்கங்க, பெத்தனி."

"முதல்ல டீ குடிங்க"ன்னு உள்ள போனேன். கெட்டில்ல தண்ணி ஊத்தினேன். என் வாயாலயே நாளக் குறிச்சு, என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேனே! மாடு மாதிரி வேலை செஞ்சதெல்லாம் ஒரு காயிதத்துல 'யாரும் வரவில்லை'ன்னு முடியப்போகுதே! தேங்காய்த்தூள் தூவின லாமிங்டன் கேக்கை ஒவ்வொரு துண்டா, எவ்வளவு மெதுவா வெட்ட முடியுமோ அவ்வளவு மெதுவா வெட்டினேன்.

அப்பதான் மேல தகரம் ஒரு தடவை தடக்குன்னுச்சு. கூரையில கழண்டு நிக்கிற தகரம் அது, சரி பண்ணித் தாங்கன்னு ஊராட்சிகிட்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போன தகரம். இன்னொரு தடக்கு. அப்புறம் தடதடதடன்னு நிக்காம அடிச்சுக்கிச்சு. ஏணி வச்சு ஏறி அதுக்கு ஒரு முத்தம் குடுக்கலாம்போல இருந்துச்சு.

அஷ்வெல் ஃபோன் அடிச்சுச்சு. "சொல்லுங்க மெர்வ்... அப்படியா... சரி, இப்பவே அனுப்பிடறேன்." ரெண்டு தட்டுத் தட்டி ஃபோனப் பையில போட்டுக்கிட்டார். "ஏதோ தடையாம்"னு பெத்தனிகிட்ட சொல்லிட்டு டீய எடுத்தார். மனுஷன் என்ன பண்ணினார்னு அவருக்கே தெரியலை. ஊர்ல இருக்கற அத்தனை மிஷினயும் அவரே கையெழுத்துப் போட்டு நிறுத்திட்டு உக்காந்திருக்கார்!

ஜன்னல் வழியா பாத்தேன். தூசி ஒவ்வொண்ணா அடங்குச்சு. கொஞ்ச நேரத்துல ரோட்டுல பிக்கப் வண்டிங்க வர ஆரம்பிச்சுச்சு.

முதல்ல கோலின் வந்தான், மன்றத் தலைவர். அவன் பின்னாடியே மத்த உறுப்பினர்கள், அவங்களும் விவசாயிங்கதான். அப்புறம் வெஸ். அப்புறம் யாரு வர்றாங்கன்னு பாக்கவே நேரமில்லை. உமி ஒட்டின தலையோட, கிரீஸ் கையோட உள்ள வந்து, நாற்காலி தீர்ந்து தரையில உக்காந்தாங்க. கேக்கு போன இடம் தெரியலை.

அஷ்வெல்லுக்கு முகம் சுருங்கிப்போச்சு. பெத்தனி பக்கம் சாய்ஞ்சு, "இவங்கல்லாம் ஏசிக்கு வந்தவங்க. வேலை இல்லாததால வந்திருக்காங்க. இத ஆர்வம்னு எழுத முடியாது"ன்னார். மெதுவாச் சொல்றதா நினைப்பு. அந்த ரூம்ல எல்லாருக்கும் கேட்டுச்சு.

பெத்தனி நல்லா நடத்தினா, அதச் சொல்லணும். யாரையும் அவசரப்படுத்தலை, வாயில வார்த்தையத் திணிக்கலை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேச்சு ஓடுச்சு. அப்ப அஷ்வெல் எழுந்து அலமாரியோட பெருமையச் சொன்னார். "ராப்பகலா தெறந்திருக்கும். திரையில புத்தகத்தோட பேர் வரும். படிச்சுப் பாத்து வேண்டியத எடுத்துக்க வேண்டியதுதான். சின்னப்புள்ள கூட எடுத்துக்கும்."

"என்னால முடியாது"ன்னு பின்னாலேர்ந்து ஒரு குரல். வெஸ் எழுந்து நின்னான்.

"பழகினா சுலபம், ஐயா."

"பழகறதுக்கில்ல. எனக்குப் படிக்கத் தெரியாது."

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்புச்சு. அவன்கூடப் பள்ளிக்கூடத்துல உக்காந்தவங்க அந்த ரூம்ல இருந்தாங்க. ஒருத்தருக்கும் தெரியாது.

"என்ன பாக்கறீங்க? கோரலிக்குத் தெரியும். இன்னைக்கு வரைக்கும் ஒரு பயகிட்ட மூச்சு விட்டதில்ல. ஊராட்சிக் கடுதாசி வந்தா அவதான் படிச்சுச் சொல்றா. மிஷின் கேபின்ல கேக்கறதுக்கு அவதான் கதை ஏத்தித் தர்றா. இந்த ஊர்ல என்னவிட அதிகமா கதை கேட்டவன் எவன் இருக்கான், சொல்லுங்க? உங்க அலமாரி எனக்குப் படிச்சுச் சொல்லுமா, தம்பி?"

எனக்குப் பெருமையா இருந்துச்சு, அவன இப்படி நிக்க வச்சுட்டாங்களேன்னு ஆத்திரமாவும் இருந்துச்சு.

கோலின் தொண்டையச் செருமினான். "நாங்க இத மன்றத்துல இன்னும் பேசவே இல்லை. அதுக்குள்ள மடல்ல எப்படி வந்துச்சுன்னு அப்புறம் கேக்கறேன். இப்ப ஊர் என்ன சொல்லுதுன்னு கை தூக்கிப் பாத்துடலாம்."

சரியா அந்த நேரத்துல அஷ்வெல் ஃபோன் அடிச்சுச்சு. கேக்கக் கேக்க அவர் முகத்துல வெளிச்சம் வந்துச்சு. "நன்றி மெர்வ்"னு சொல்லிட்டு வேகவேகமாத் தட்டினார். அடுத்த நிமிஷம் ரூம்ல இருந்த அத்தனை ஃபோனும் ஒண்ணா நடுங்குச்சு.

"தென்மேற்குக் காத்து வந்துடுச்சாம், குளுந்துபோச்சு. தடை நீங்கிடுச்சு"ன்னார். "மேகம் வேற கட்டுது. உங்க நேரத்த நான் வீணாக்க விரும்பலை. கருத்து இருந்தா எழுதி அனுப்புங்க."

மேற்கு ஜன்னல்ல பாத்தேன். கருகருன்னு நிக்குது. மழைக்கு முன்னாடி அறுத்தா காசு, நனைஞ்சா மாட்டுத் தீவனம். ஒவ்வொரு நிமிஷமும் அவங்க வயித்துச் சோறு. போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை, எந்த முகத்தோட சொல்றது?

வெஸ் எழுந்தான். அவ்வளவுதான், முடிஞ்சதுன்னு நினைச்சேன். அவன் ஜன்னல்கிட்ட போய் மேகத்தப் பாத்தான். அவன் மேற்கு வயல் அந்தப் பக்கந்தான். திரும்பி வந்து, அதே நாற்காலியில உக்காந்து, கையத் தூக்கினான்.

"சீக்கிரம் தூக்குங்கப்பா, மழை வருது"ன்னான். "ஆனா தூக்கிட்டுத்தான் போறது."

ஒருத்தர் கூட எழுந்திருக்கலை. கிரீஸ் கையெல்லாம் மேல போச்சு. மன்றத்துக்காரங்க கையும் போச்சு.

"இப்ப அவங்களுக்கு வேலை இருக்கு, தம்பி"ன்னு அஷ்வெல்லுக்குச் சொன்னேன். "ஏசிக்கு வந்தவங்கள நல்லா எண்ணிக்கங்க."

பெத்தனி எண்ணி எழுதி முடிச்சதும் வாசல்ல ஒரே தள்ளுமுள்ளு. வண்டியெல்லாம் பறந்துச்சு. சாயங்காலமே மழை பிடிச்சுக்கிச்சு. வெஸ் மேற்கு வயல்ல பாதிதான் அறுத்தான், மீதி நனைஞ்சு தீவனத்துக்குப் போச்சு. என்கிட்ட அவன் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. மெர்வ்தான் சொன்னான்.

மன்றம் அலமாரிய ஒரே மனசா நிராகரிச்சுச்சு. ஜனவரி மடலுக்குச் சேதி அனுப்புங்கன்னு பெத்தனி கேட்டா. அடுத்த தடை நாள்ல, கதைக்கு வந்த வெஸ்ஸ உக்கார வச்சு, அச்சாகி வந்த வட்டாரச் செய்தியப் படிச்சுக் காட்டினேன்: "கூலார்டின் நூலகம் அலமாரி ஆகவில்லை. தடை நாளில் கதவு திறந்திருக்கும், உள்ளே ஆளும் இருக்கும். இதை முடிவு செய்தவர்கள், மழை வருவது தெரிந்தும் எழுந்து போகாதவர்கள்."

வெஸ் ஃபோன மேசையில வச்சுட்டு, தொப்பியக் கழட்டினான்.

"இன்னொரு தடவை படி"ன்னான்.