ஒரு பழைய டயரும் எலிசாளின் ஏலமும்

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சைக்கிளின் பின்டயரிலிருந்து வந்தது. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்தொன்பது (இங்கிலீஷ் கணக்கில் 1943), துலாம் மாதம். கரமனைப் பாலத்தைத் தாண்டியதும் டயர் வெடித்தது. வெடித்ததென்றால் சும்மா இல்லை. ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஜப்பான்காரன் வந்துவிட்டானோ என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆபீஸுக்கு லீவு சொல்லியனுப்பிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு சாலைக் கம்போளக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டதும், சைக்கிளை அவரிடமே விற்றுவிட்டு நடக்கலாமா என்று தோன்றியது. நான் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். யுத்தத்துக்கு முன்னால் வாங்கிய சம்பளத்தைத்தான் இன்றும் வாங்குகிறேன். பஞ்சப்படி தருகிறோம் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பஞ்சம் வந்துவிட்டது, படியைத்தான் காணோம்.

ஆகவே என்னைப் பற்றியே, நடந்து தேய்ந்த ஒரு டைப்பிஸ்டின் துயரத்தை, கல்லும் கரைகிற மாதிரி எழுதுவதாக இருந்தேன். நல்ல வேளை, கடைவாசலில் யோசுவா நின்றிருந்தார். வித்துராவிலிருந்து வந்த வண்டிக்காரர். வண்டி டியூபுக்கு ஒட்டுப் போட ஒரு துண்டு ரப்பர் கேட்டு, கிடைக்காமல் நின்றார். அவர் மாட்டுவண்டியிலோ உச்சிவரை ரப்பர் ஷீட் அடுக்கியிருந்தது.

(இதை நான் ஜோடித்தேன் என்று நினைப்பீர்கள். வண்டி நிறைய ரப்பர், ஒட்டுக்கு ரப்பர் இல்லை! நானாகக் கற்பனை செய்திருந்தால் வெட்கப்பட்டுக் கோடு போட்டு அடித்திருப்பேன். கண்ணால் பார்த்ததால் விட்டுவைக்கிறேன்.)

அவர் சொன்ன கதைக்கு முன்னால் என் கதை அழுமூஞ்சியாகத் தெரிந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டேன்.

2

ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்.

"பொன்முடியின் நெற்றியில் பனி இன்னும்..." வேண்டாம். மலைக்கு நெற்றி வைத்தால் அப்புறம் மூக்கும் வைக்க வேண்டிவரும்.

"உலக வாணிபத்தில் ரப்பரின் இடம் யாதெனில்..." நீங்கள் கொட்டாவி விடுவதற்குள் நானே விட்டுவிட்டேன்.

"இந்த ராஜ்யத்தில் காசுக்கே சக்கரம் என்று பெயர், ஆகையால் யோசுவாவின் சக்கரம்..." சீ, இந்தப் பிழைப்புக்கு டைப் அடிக்கவே போகலாம்.

நேராகச் சொல்கிறேன். யோசுவாவினுடையது டயர் வண்டி. இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரத்துக்குப் பதில் பழைய மோட்டார் டயர் மாட்டியது. வித்துராவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம், அங்கிருந்து ஷீட்டை இறக்கிவருவது அவர் வேலை. இரும்புப் பட்டை புது ரோட்டை உழுதுவிடுகிறது என்று மானேஜர் துரை டயர் வண்டியைத் தவிர வேறெதையும் கேட்டுக்குள் விடுவதில்லை.

யோசுவாவின் மனைவி எலிசாள் அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். விடியுமுன் மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவிச் சிரட்டையை வைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பாலைச் சேர்த்துக்கொண்டுவர வேண்டும். தாமதித்தால் பால் சிரட்டையிலேயே உறைந்துபோகும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.*

* இப்படிச் சொல்லிவிட்டு வைக்கக்கூடாது என்பார்கள் கதை தெரிந்தவர்கள். நான் சொல்லிவிட்டுத்தான் வைப்பேன்.

கன்னி மாதம் வலதுபக்க டயர் கிழிந்தது. யோசுவா உள்ளே தேங்காய் நாரை அடைத்து ஓட்டினார். துரை பார்த்துவிட்டார். மாத முடிவுக்குள் நல்ல டயர் மாட்டாவிட்டால் வேறு வண்டி அமர்த்திக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். டயர் விலையோ யுத்தத்தில் ஐந்து மடங்கு ஏறியிருந்தது. எலிசாளின் நாள்கூலி யுத்தத்துக்கு முன்னால் பத்துச் சக்கரம், இப்போதும் பத்துச் சக்கரம்தான். அரிசி கண்ணில் படுவதில்லை, மரச்சீனிக் கிழங்குக்கே கிராக்கி வந்துவிட்டது. வண்டி நின்றால் அந்த வீட்டில் தினம் ஒரு வேளை அடுப்பு எரியாது.

3

இங்கே ராஜையன் வருகிறார். இவரை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. தோட்டத்து ரைட்டர் இவர். கூலிக்கணக்கு இவர் கையில், சபையில் மூப்பரும் இவரே. பர்மாவில் மாட்டிக்கொண்ட மகன் உயிரோடு நடந்தே வீடு வந்து சேர்ந்தான். அதற்கு நன்றியாக, வீட்டில் பத்திரமாக வைத்திருந்த ஒரு மோட்டார் டயரை வித்துரா கிறிஸ்தவ சபையின் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்.

என் மனைவி பாகீரதி இதைத் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "ஏன்னா, யோசுவா படற கஷ்டம் அந்த மனுஷனுக்குத் தெரியுமோல்லியோ? நேரா அவன் கையில குடுத்தா என்னவாம்?"

"ஸ்வாமிக்குன்னு நேர்ந்துண்டதை இன்னொருத்தருக்குக் குடுப்பாளோடி? நீ நேர்ந்துண்ட வாழைக்குலையை அடுத்தாத்துக் குழந்தைக்குக் குடுப்பியா?"

"அது பழம். இது டயர்னா!"

அவள் சொல்வதும் சரிதான். ராஜையனைக் கொஞ்சம் கெட்டவராக்கி, விலை ஏறட்டும் என்றே அப்படிச் செய்தார் என்று எழுதிப் பார்த்தேன். மகன் திரும்பி வந்த ஒரு தகப்பனைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை, அடித்துவிட்டேன்.

அறுப்பின் பண்டிகையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. குலை, பூசணி, கோழி, நெல் என்று அவரவர் விளைச்சலைக் கோயிலில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். அங்கே எதையும் மலிவாக வாங்கினால் மானக்கேடு. கடவுள் சொத்தைச் சும்மா தட்டிக்கொண்டு போனான் என்று ஊர் பேசும். கூச்சப்படுகிறவர்கள், ரோஷக்காரர்கள் எல்லாம் தாங்கள் வாயைத் திறக்காமல் ஓர் ஆளை வைத்துக் கேட்பார்கள். அப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. யார் யாருக்காகக் கேட்கிறார்கள் என்று விசாரிப்பதும் மரியாதையில்லை.

4

யோசுவா தன் காளைக்கன்றை விற்றார். அந்தப் பணத்தோடு வேலாயுதனைப் பிடித்தார். கல்லாற்றில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வேலாயுதன் இந்து. ஆனால் பூசணிக்காய்க்காகச் சபை ஏலம் ஒன்றையும் விடாதவர்.

"நீங்களே கேட்டால் என்ன?" என்று நான் யோசுவாவிடம் கேட்டேன்.

"எனக்க சத்தம் கேட்டா எல்லாரும் பாவம்னு சும்மா இருந்திருவாவ, சாமி. எரக்கத்துல வாங்கின டயரு வண்டிய இழுக்குமா? மனசு கேக்காதுல்லா."

பண்டிகையன்று ராஜையன் டயரின்மேல் கையை வைத்துக்கொண்டு ஏலத்தை ஆரம்பித்தார்.

"பத்து ரூவா!" என்றார் வேலாயுதன்.

"பதினஞ்சு!" பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது குரல். சாயாக்கடை ராஜபாய்.

இருபது, இருபத்தைந்து, முப்பது. வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த இரண்டு குரல்தான் மாறிமாறி ஏறிற்று.

"எனக்கு வந்துச்சே ஒரு கோவம்!" என்றார் யோசுவா. "சாயக்கடக்காரிக்கு டயரு என்னத்துக்கு? சாயய உருட்டியா குடுக்கப் போறா?"

ஐம்பதில் யோசுவாவின் பணம் தீர்ந்தது. வேலாயுதன் கைப்பணத்தைப் போட்டு அறுபது என்றார். ராஜபாய் அறுபத்தொன்று என்றாள். யோசுவா போதும் என்று தலையை ஆட்டிவிட்டார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். டயர் ராஜபாய்க்குப் போயிற்று.

யோசுவா வெளியே வந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ராஜபாய் டயரை உருட்டிக்கொண்டு நேராக அவர் வண்டிக்கே வந்தாள். பின்னாலேயே எலிசாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பால் வெட்டுகிற பெண்கள் சேர்ந்து போடும் சீட்டுப் பணத்தை இந்த மாதம் தனக்கென்று வாங்கிக்கொண்டு, புருஷனுக்குத் தெரியாமல் ராஜபாயை வைத்துக் கேட்டது அவள்தான்.

"அந்தக் கல்லாத்துக்காரனுக்கு என்ன திமிரு, பாத்தீரா?" என்றாள் எலிசாள். "கொள்ள லாபத்துக்கு விக்கலாம்னு விடாம கேக்கான். நானும் விடேல்ல."

யோசுவா மாட்டுக் கயிற்றைக் கீழே விட்டார். "அவன் எனக்காக்கும் கேட்டான், எலிசா," என்றார்.

5

பாகீரதி இந்த இடத்தில் பேனாவைப் பிடித்து நிறுத்தினாள். "நம்பும்படியா எழுதுங்கோ. ரெண்டு பேரும் ஒரே ஆத்துல இருக்கா. ராத்திரி சாப்பிடறச்சே ஒரு வார்த்தை பேசிக்கமாட்டாளா?"

"நீ அரிசிப் பானைக்குள்ள பணம் சேத்து வெச்சிருக்கியே, என்கிட்ட சொன்னியா?"

"அது வேற விஷயம்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஓமனா சிரித்தாள். எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள். நான் சத்தமாகப் படிப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். "பின்னே எந்தாயி, சாமீ?" என்று கேட்டாள். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு ஒரு வாசகி இருக்கிறாள், இதைவிட ஒரு கதைக்காரனுக்கு என்ன வேண்டும்!

கோயில் முற்றத்தில் யோசுவா சிரித்தாராம். சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்துவிட்டதாம். எலிசாள் அழவில்லை. டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாளாம்.

"நாம ரெண்டு பேருமா, ஆருக்கு ஆருன்னு தெரியாம, ஒரு பழைய டயர பத்துலேருந்து அறுவதுக்கு ஏத்திட்டோம். எனக்க கூலிய இப்பிடி ஏத்த ஒரு ஆளு உண்டா? வருசம் நாலாச்சு. ஒத்த ஆளு வாய் தொறக்கேல்ல."

விலைவாசியைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் அத்தனையும் இந்த இடத்தில் எனக்கு வீணாகப் போயின. சாமானுக்கு வேண்டுமானால் ஊரே சேர்ந்து ஏலம் கேட்கும். கூலிக்குக் கேட்கிறவர் ஒரே ஆள், அவரும் ஒரே தொகையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

6

டயர் மாட்டியாயிற்று. மறுநாளுக்கு மறுநாள் காலை யோசுவா தோட்டத்து ஆபீஸ் முற்றத்தில் ஷீட் ஏற்றிக்கொண்டிருந்தார். பெண்கள் பட்டை சீவிச் சிரட்டை வைத்துவிட்டு, பால் சேர்க்கப் போகாமல், காலி வாளிகளோடு அங்கே வந்து நின்றார்கள். எலிசாள் பால் அளக்கிற மேடையில் ஏறினாள். ராஜையனுடைய ஏலக்குரல் அவளுக்கு அப்படியே வந்தது.

"இது எலிசாளுக்க ஒரு நாளு வேல! விடியதுக்கு முன்ன எழும்பணும், அட்ட கடிக்கும், மழயில நனையணும். தொர பத்துச் சக்கரம்னு கேட்டிருக்காரு. அதுக்கு மேல ஆரு கேக்கிய? பத்துச் சக்கரம்... ஒரு தரம்!"

பெண்கள் முதலில் சிரித்தார்கள். துரை வராந்தாவுக்கு வந்து, என்ன இது என்று ராஜையனைக் கேட்டார். ராஜையனுக்கு வேர்த்துவிட்டது. கடவுள் வீட்டில் தான் போட்ட சத்தத்தை இங்கே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சொன்னார். ஒன்றையும் குறைக்காமல் சொன்னார் என்கிறார் யோசுவா. மேடையடியில் வாளிகள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்கார்ந்தன.

"பத்துச் சக்கரம்... ரெண்டு தரம்!"

யோசுவா வண்டியை விட்டு அவளிடம் போகப் பார்த்தார். எலிசாள் மேடையிலிருந்தே அதட்டினாள். "நீரு வண்டிய எடும்! ஷீட்டு நேரத்துக்கு போய்ச் சேரேல்லன்னா டயருக்கு குடுத்ததெல்லாம் வெறுதே. எனக்க காரியம் நான் பாத்துக்கிடுதேன்."

"திரும்பித் திரும்பிப் பாத்துட்டே வந்தேன், சாமி," என்றார் யோசுவா. "மரத்துல சிரட்ட எல்லாம் நெறஞ்சாச்சு. வெயிலு ஏறுது. தொர வாட்சப் பாத்துட்டு நிக்காரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நான் இஞ்ச உங்ககிட்டல்லா நிக்கேன்!"

7

ஆகவே முடிவு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "சனிக்கிழமை அவன் திரும்ப வருவானே, கேட்டுண்டு எழுதுங்கோ," என்கிறாள் பாகீரதி. மாட்டேன். சனிக்கிழமை அவர் கொண்டுவருவது சேதி. சேதி சொல்லப் பத்திரிகை இருக்கிறது.

முடிவுகள் எழுதாமலும் இல்லை. ஒன்றில் ராஜையனே கையைத் தூக்கிப் "பதினைந்து" என்கிறார். அழகாக வந்தது. ஆனால் கொடுக்கப் போகிற பணம் அவருடையதில்லையே, கிழித்துவிட்டேன். இன்னொன்றில் துரை எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறார். அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் உச்சிவெயிலுக்குள் அத்தனை மரத்துப் பாலையும் சேர்க்க அத்தனை கைகளுக்கு அவர் எங்கே போவார்? அந்தக் காகிதம் பாதியில் நிற்கிறது. எலிசாள் தோற்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் குரலைக் கேட்டவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

"ஏன்னா, மூணாவது தரம் அவ சொல்லிட்டா பத்துக்கே போயிடுமே?" என்றாள் பாகீரதி.

"ஆமாம். அதனாலதான் அவளைச் சொல்லவிடாம நிறுத்தி வெச்சிருக்கேன்."

அந்தப் பத்துக்கு மேலே கேட்க வேண்டியவர் நீங்கள். இதைப் படிக்கிறவர்களில் கூலி கொடுக்கிறவர்கள் இருப்பீர்கள். தோட்டமும் துரைத்தனமும் வேண்டியதில்லை. வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒருத்தி வந்தாலே போதும்.

பாகீரதி இந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏன்னா, நம்ம ஓமனாவுக்கு யுத்தத்துக்கு முன்னாடி குடுத்ததைத்தானே இன்னும் குடுத்துண்டிருக்கோம்?"

கிணற்றடியில் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. பாகீரதி அரிசிப் பானையைத் திறந்து, கையை உள்ளே விட்டு, எதையோ எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அங்கே என்ன தொகை சொன்னாள் என்று எழுத மாட்டேன், அது அவள் கேட்ட ஏலம்.

உங்கள் தொகை என்ன? ரெண்டு தரம் ஆகிவிட்டது.