ஓரெஸ்ட் விட்ட ஒரு புள்ளி

கார்வெல் ஊரில் யாராவது கைக்கு வந்ததைக் கோட்டை விட்டால் "பலமார் பண்ணிட்டான்" என்பார்கள். பச்சை விளக்கில் வண்டியை நிறுத்தியவன், டிராக்டர் ஏலத்தில் கையைத் தூக்க மறந்தவன், மனதுக்குப் பிடித்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளை ரெஜைனாக்காரனுக்கு விட்டுக்கொடுத்தவன், எல்லோரும் பலமார் பண்ணியவர்கள்தான். அது ஒரு ஆளின் பெயர் என்பதே சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த ஆள், ஓரெஸ்ட் பலமார், ஊர் ஹாக்கிக் கூடத்தில் பனித்தரையை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறான். அதே பிள்ளைகளுக்கு ஸ்கேட் கயிற்றை இறுக்கிக் கட்டிவிடுகிறவனும் அவன்தான்.

எங்கள் நாட்டு ஃபுட்பாலில், அதாவது பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்தில், ஒரு விசித்திரமான விதி உண்டு. கம்பங்களுக்கு நடுவே போக வேண்டிய உதை தவறி, கோட்டுக்குப் பின்னால் விழுந்தால், அங்கே நிற்கிற எதிரணிக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வர வேண்டும். முடியாவிட்டால் திருப்பி உதைத்தாவது வெளியே அனுப்ப வேண்டும். பந்தோடு அங்கேயே மண்டி போட்டுவிட்டால் உதைத்த அணிக்கு ஒரு புள்ளி. குறி தப்பியவனைக்கூட வெறுங்கையோடு அனுப்ப மனம் வராத நாடு இது. அந்தத் தாராள குணத்துக்குப் பலியானவன் ஓரெஸ்ட்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்பு, நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பெரிய ஆட்டமான வானியர் கோப்பை இறுதிக்கு ரிவர்பெண்ட் பல்கலைக்கழகத்தின் பேட்ஜர்ஸ் அணி போயிருந்தது. இரண்டு பக்கமும் இருபத்தொரு புள்ளி. கடிகாரத்தில் நேரம் முடிந்துபோன பிறகு எதிரணியின் கடைசி உதை தவறி, பந்து நேராக ஓரெஸ்டின் கைக்கு வந்தது. பக்கத்தில் ஆளே இல்லை. ஆனால் அந்த வருடம் முழுக்க பேட்ஜர்ஸ் எல்லோரையும் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்ததால், அன்றைய பயிற்சியாளர் அவன் மண்டையில் ஏற்றி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: அங்கே பந்து வந்தால் வம்பு வேண்டாம், மண்டி போடு, ஒரு புள்ளி போனால் போகிறது. இருபத்திரண்டு வயது முழங்கால், யாரையும் கேட்காமல் மடங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது எதிரணி மொத்தமும் துள்ளிக் குதித்து மைதானத்துக்குள் ஓடி வந்துகொண்டிருந்தது.

அந்தப் பத்து வினாடிப் படத்தை நவம்பர் தவறாமல் தொலைக்காட்சியில் போடுவார்கள். மறக்க முடியாத தருணங்களாம். போட்ட மறுநிமிடம் ஊரிலிருந்து யாராவது ஃபோன் செய்து, "ஓரெஸ்ட், நீ இன்னும் எழுந்திருக்கலியாப்பா?" என்பான். ஓரெஸ்டும் சிரித்து வைப்பான். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு பேர் ஃபோன் செய்வார்கள் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டிருந்தான்.

அதன்பிறகு பேட்ஜர்ஸ் இறுதிப் பக்கமே தலைகாட்டவில்லை. ஆனால் ஓரெஸ்ட் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. எந்த ஊர்ப் பையனைப் புதிதாகச் சேர்த்தார்கள், யாருக்குத் தோள் இறங்கியது, எவன் பரீட்சையில் கோட்டடித்து ஆட முடியாமல் போனான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அணி மேல் பாசம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. அதற்கும் மேலே ஒரு ஆசை இருந்தது. பேட்ஜர்ஸ் ஒரே ஒரு தடவை கோப்பையைத் தூக்கிவிட்டால் போதும், தொலைக்காட்சிக்காரனுக்குப் போட வேறு படம் கிடைத்துவிடும், ஊருக்குப் பேச வேறு பேச்சு கிடைத்துவிடும், தன்னை விட்டுவிடுவார்கள் என்று நம்பினான். வேறு எதையும் அவன் வாழ்க்கையிடம் அவ்வளவு கெஞ்சிக் கேட்டதில்லை.

"அவங்க ஜெயிச்சா உனக்கென்ன கொம்பா முளைக்கப் போவுது?" என்று அவன் மனைவி மாரீன் ஒருமுறை கேட்டாள்.

"முளைக்க வேணாம். இருக்கறது விழுந்தா போதும்."

அவன் கண் கலங்கியிருந்தது அவளுக்குத் தெரிந்தது.

இந்த வருடம் பேட்ஜர்ஸ் இறுதிக்கு வந்தே விட்டார்கள். எதிரே கியூபெக்கிலிருந்து வந்த அணி. சனிக்கிழமை மத்தியானம், வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஹாக்கிக் கூடத்தில் பிள்ளைகளின் போட்டி நடந்துகொண்டிருந்தது, ஆனால் பெற்றவர்களில் பாதிப் பேர் உள்ளே சிற்றுண்டிக் கடையில், சுவரில் தொங்கிய டிவிக்குக் கீழே நின்றார்கள். பொரித்த உருளைக்கிழங்கும் குழம்புமாக அந்த அறையே மணத்தது. கடையைப் பார்த்துக்கொள்ளும் வெர்னா ஒரு கண்ணை எண்ணெயிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்திருந்தாள்.

ஓரெஸ்ட் கதவோரம் நின்றான். உட்கார்ந்து ஒரு ஆட்டமும் அவன் பார்த்ததில்லை.

"உட்காரேன்பா. இல்ல, கீழ போனா எழுந்திருக்க மாட்டோம்னு பயமா?" என்றான் லாய்ட் ஃப்ரீசன். ஊருக்கு மேற்கே கடுகு பயிரிடுகிறவன். இருபத்தாறு வருடமும் ஓய்வில்லாமல் ஓரெஸ்டைக் கிண்டல் செய்தே வயிறு வளர்த்தவன் என்று சொன்னால் மிகையாகாது.

"லாய்ட், உன் வாய்ல உருளைக்கிழங்க போட்டு அடைடா," என்றாள் வெர்னா. "அந்த மனுஷன் முகத்தப் பாரு, வெளுத்துக் கிடக்கு."

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? நானும்தான் ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டு நிக்கிறேன்."

பேட்ஜர்ஸ் இருபத்துநாலு, எதிரணி இருபத்துமூன்று. மூன்று நிமிடம் பாக்கி. பந்து எதிரணியிடம், கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிக்கொண்டிருந்தார்கள். ஓரெஸ்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிள்ளைகளின் ஒரு ஆட்டம் முடிந்திருந்தது. அடுத்தது மூன்று மணிக்கு, அதற்குள் தரை தயாராக வேண்டும்.

"எங்க போற?" வெர்னா கேட்டாள். "குழந்தைங்க ஒரு அஞ்சு நிமிஷம் காத்திருந்தா குடியா முழுகிடும்?"

"தரை மேடும் பள்ளமுமா கிடக்கு வெர்னா. எவனாவது விழுந்து பல்ல உடைச்சுக்குவான்."

உண்மை என்னவென்றால் அவனால் பார்க்க முடியவில்லை. வேலை ஒன்று இருந்தது நல்லதாகப் போயிற்று என்று வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

முதல் சுற்று ஓரத்தில், அடுத்த சுற்று அதற்கு உள்ளே. பின்னால் வெந்நீர் மெல்லிய தகடாகப் படிந்துகொண்டே வந்தது. இஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நாலாவது சுற்றில் திரும்பும்போது கடையிலிருந்து ஒரு பெரும் கூச்சல் எழுந்தது, கண்ணாடி அதிர்ந்தது. அந்தப் பக்கம் ஆட்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குதித்தார்கள். யாரோ ஜன்னல் வழியாக அவனைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள்.

ஜெயித்துவிட்டார்கள்.

ஓரெஸ்ட் வண்டியை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் தரையில் மேடு கட்டிவிடும். ஓட்டிக்கொண்டே அழுதான், கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். முடிந்தது, எல்லாம் முடிந்தது, இனி நவம்பர் என்பது வெறும் நவம்பர்தான் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டான். மாரீனைக் கூட்டிக்கொண்டு எங்காவது வெயில் அடிக்கிற ஊருக்குப் போக வேண்டும், அங்கே யாராவது பெயர் கேட்டால் முழுப் பெயரையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். மீதியிருந்த இரண்டு சுற்றும் அவன் சந்தோஷமாக இருந்தான். இதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

கடைக்குள் வந்ததும் லாய்ட் ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"நீ பார்க்கலியேடா! அதே ஆட்டம்டா, உன்னோட அதே ஆட்டம்! கடைசி உதை தப்பிப்போச்சு, பந்து நேரா நம்ம பையன் கைல. மண்டி போட்டிருந்தா சமமாப் போயிருக்கும். போடலியே! நாலு பேர இடிச்சுத் தள்ளிட்டு வெளிய வந்துட்டான்!"

"சும்மா இருங்க, சும்மா இருங்க," என்று வெர்னா கத்தினாள். "டார்சி பேசறான். ஓரெஸ்ட், உன்னப் பத்தி!"

திரையில் டார்சி அல்மர். பேட்ஜர்ஸின் இன்றைய பயிற்சியாளர். அன்றைக்கு ஓரெஸ்டோடு ஆடியவன், தரையிலிருந்து அவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டவன். தாடியில் பனி ஒட்டியிருக்க, ஒலிவாங்கி முன்னால் நின்று தேம்பினான்.

"ஓரெஸ்ட் பலமார்னு ஒருத்தர். எங்கூட ஆடினவர். நான் பயிற்சியாளரா வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு ஆகஸ்டும் புதுப் பசங்க வந்த முதல் நாள், முதல் வேலையா அந்தப் படத்தத்தான் போட்டுக் காட்டுவேன். உடை மாத்தற அறைக் கதவுல அவர் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிற போட்டோ இருக்கு. எவன் மைதானத்துக்கு வந்தாலும் அதத் தொட்டுட்டுத்தான் வருவான். இன்னிக்கு எங்க பையன் நின்னான் பாருங்க, அது ஓரெஸ்ட் கத்துக்கொடுத்தது. ஓரெஸ்ட், எங்க இருந்தாலும் கேளு, இந்தக் கோப்பை உன்னோடது. இது பக்கத்துலயே உன் போட்டோவையும் மாட்டப் போறோம். பல்கலைக்கழகம் இருக்கற வரைக்கும் இருக்கும்."

திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் பையன்கள் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மறுபக்கம் இருபத்திரண்டு வயது ஓரெஸ்ட் மண்டி போட்டான். படம் திரும்பத் திரும்ப ஓடியது, அவன் மறுபடி மறுபடி மண்டி போட்டான். இனிமேல் இரண்டையும் சேர்த்தே காட்டுவார்கள் என்பது அவனுக்கு உடனே புரிந்தது.

கடையே கைதட்டியது. முன்பின் தெரியாத ஹாக்கித் தகப்பன் ஒருவன் அவன் முதுகில் தட்டி, "நீங்கதானா அவரு?" என்றான்.

லாய்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இத்தன வருஷம் உன்ன ஓட்டி எடுத்துட்டேன். மன்னிச்சுக்கடா. நீ இல்லாம இந்தக் கதையே கிடையாது, தெரியுமா? எங்க பேரப் பசங்க வரைக்கும் சொல்லுவாங்க."

"அந்த டிவிய நிறுத்தேன், வெர்னா."

"எதுக்கு நிறுத்தணும்? நல்லாத்தான இருக்கு!"

திட்டினால் திருப்பித் திட்டலாம். கிண்டல் செய்தால் சிரித்து மழுப்பலாம். இப்படி அன்பாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? ஓரெஸ்டுக்குக் கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் அவனுக்காக மனதார மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். பதினோரு வருடமாக, தான் பார்த்தேயிராத எத்தனையோ பையன்கள் தன் முகத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு கூசியது.

மாரீன் வந்து சேர்ந்தாள். வீட்டில் பார்த்துவிட்டு, மேல்கோட்டின் பொத்தான்கூடப் போடாமல் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் கைதட்டவில்லை. நேராக அவன் பக்கத்தில் வந்து, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அறையில் விஷயம் புரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"வீட்டுக்குப் போலாமா?"

"அடுத்த ஆட்டம் இருக்கு."

அதற்குள் அவன் ஃபோன் அடித்தது. டார்சி. பின்னால் பையன்கள் பாடுகிற சத்தம், கதவை அறைகிற சத்தம்.

"ஓரெஸ்ட்! பார்த்தியா? கேட்டியா நான் சொன்னத?"

"கேட்டேன்."

"பசங்க உன்னப் பார்க்கணும்னு அடம் பிடிக்கிறாங்க. ஆகஸ்ட்ல கண்டிப்பா வந்துடு. இத்தன வருஷம் படம் போட்டுக் காட்டினது போதும். நீயே மைதானத்துல வந்து செஞ்சு காட்டு, எங்க நின்னே, எப்படி மண்டி போட்டேன்னு. வருஷா வருஷம் வா. உனக்குன்னு ஒரு ஜெர்சி எடுத்து வெச்சிருக்கேன்."

முடியாது என்று சொல்லத்தான் ஓரெஸ்ட் வாயைத் திறந்தான். எதிரே லாய்ட், வெர்னா, அந்த ஹாக்கித் தகப்பன், எல்லோரும் மலர்ந்த முகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டார்சி காத்திருந்தான்.

"சரி, டார்சி," என்றான் ஓரெஸ்ட். "வரேன்."

மறுபடியும் கைதட்டல். வெர்னா எல்லோருக்கும் இலவசமாகக் காப்பி ஊற்ற ஆரம்பித்தாள். மாரீன் அவனைக் கடைக்கு வெளியே, வண்டி நிற்கிற கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன் சரின்னு சொன்ன?"

வண்டியின் தொட்டியில் பாதி உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. அதை வெளியே கொட்ட வேண்டும். மண்வெட்டியை எடுத்தவன், எடுத்தபடியே நின்றான்.

"போவட்டும் விடு," என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது. "நாலு நாள் பேசுவாங்க. அடுத்த வருஷம் யாருக்கு ஞாபகம் இருக்கப் போவுது?"

"இருபத்தாறு வருஷமா அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னுதான் இருந்தேன், மாரீன்," என்றான் ஓரெஸ்ட். "அவங்க ஜெயிச்சுட்டாங்க. இனி எதுக்காகக் காத்திருக்கறது?"