திருச்சியிலிருந்து தெரிந்த ஆடு

1

இந்தக் கதை ஒரு ஆட்டில் தொடங்கியது. இதையாவது உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் எப்படியும் நிறையப் பொய் வரப்போகிறது.

மணியாச்சியில் ரயில் நின்றுகொண்டிருந்தபோது எதிர் இருக்கைக்காரர், யாரும் கேட்காமலே, ஆரம்பித்தார்: "நாப்பத்திரெண்டுல தூத்துக்குடிப் பார்க்குல ரேடியோ பாடிக்கிட்டு இருக்கு. திடீர்னு திருச்சிக்காரன் பாட்ட நிப்பாட்டிட்டு, 'பார்க்கு வேலியில ஆட்டக் கட்டுனவரு உடனே வந்து அவுத்துட்டுப் போகவும்'னு சொல்லுதான். ஒருத்தரு எந்திரிச்சுப் போயி ஆட்ட அவுத்தாரு. ஒரு பயலும் ஆச்சரியப்படல பாத்துக்கிடுங்க." சொல்லிவிட்டு வடை வாங்க இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை.

திருச்சியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தூத்துக்குடி ஆடு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வி வெகுநாள் என்னைச் சோறு தின்னவிடவில்லை. (தின்றேன். ஆனால் இப்படி எழுதினால்தான் எழுத்தாளன் என்று ஒத்துக்கொள்கிறார்கள்.)

2

முதல் தொடக்கம்: "உலகப் போரின் கருமேகங்கள் கீழ்வானில் திரண்டிருந்த வேளையில், முத்துக்குளிக்கும் அந்தக் கடற்கரை நகரிலே..." சீ. முத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்? தூத்துக்குடி என்று எழுதினாலே கை தானாக முத்துக்குப் போகிறது. அடித்தாயிற்று.

இரண்டாவது: "இசை, கலை, உடல்நலம், நாட்டு நடப்பு ஆகிய நான்கையும் பாமரரின் செவிக்குக் கொண்டுசேர்த்த வானொலியானது..." இது ஆண்டுமலருக்கு ஆகும். மாலை போட்டுப் படமும் எடுப்பார்கள்.

மூன்றாவது: வால்வு போயிற்று.

இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

வால்வு போயிற்று. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த வாரம். பூங்காவின் நடுவே படி வைத்துக் கட்டிய சின்ன அறைக்குள் இருந்த ரேடியோப் பெட்டி ரெண்டு தடவை கனைத்துவிட்டு அடங்கிவிட்டது. பக்கத்திலிருந்த மைக்குக்கும், வெளியே கம்பத்தில் தொங்கிய ஒலிபெருக்கிக்கும் ஒரு கேடும் இல்லை. அவை வேறு பெட்டியில் ஓடுபவை.

இதையெல்லாம் அங்கே நிறுவியது வியாபாரிகள் சங்கம் ஒன்று. திருகிவிட்டு மூடிவைக்க மாதச் சம்பளத்துக்கு வில்பிரட் என்றொருவனை வைத்திருந்தார்கள். புது வால்வு மதராஸிலிருந்து வரவேண்டும். மதராஸ் கடைக்காரன், சண்டை முடிந்ததும் பார்க்கலாம் என்று எழுதிவிட்டான். ரேடியோ இல்லையென்றால் ரேடியோக்காரன் எதற்கு? வில்பிரட்டுக்கு அப்போதுதான் பெண் நிச்சயமாகியிருந்தது. "மாப்பிள்ளை ரேடியோவில் இருக்கிறார்" என்பதுதான் பெண் வீட்டில் அவிழ்த்துவிட்டிருந்த ஒரே பெருமை.

(வில்பிரட்டைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். மீசை வைத்தேன், சீட்டாட விட்டேன். ஒட்டவில்லை. நாலு பேர் தன்னை நல்லவன் என்று சொல்லவேண்டும் என்று ஏங்கும் ஆள், அவ்வளவுதான். அது எவ்வளவு ஆபத்தான ஏக்கம் என்று எனக்கும் அப்போது தெரியாது.)

சாயங்காலம் வழக்கம்போல் கூட்டம் வந்து புல்லில் உட்கார்ந்தது. வில்பிரட் சன்னல் சட்டத்தின் இடுக்கு வழியே பார்த்தான். செத்த பெட்டியைப் பார்த்தான். மாமனாரை நினைத்தான். கதவைத் தாழ்போட்டான். மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மைக்கில், "திருச்சி வானொலி நிலையம்," என்றான்.

4

வானொலியில் ஒரு வரிசை உண்டு. முதலில் பாட்டு. அப்புறம் நாடகமோ கதையோ. அப்புறம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் புத்திமதி. கடைசியில், உலகம் எப்படி அழிந்துகொண்டிருக்கிறது என்ற தகவல். உடம்பைத் தேற்றிவிட்டு அப்புறம் அடிப்பது. யார் யோசித்த வரிசையோ, அவருக்கு நல்ல மனசு.

வில்பிரட் இந்த வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டான். கீர்த்தனை அவனுக்குப் பாதிதான் தெரியும். மாதா கோயில் பாட்டுகள் முழுசாகத் தெரியும். ஆகவே அந்நாளில் திருச்சி வித்வான்கள் பல்லவியில் ராமரைக் கூப்பிட்டுவிட்டுச் சரணத்தில் ஏசு சிலுவை சுமக்கும் தவசுகாலப் பாட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். நாடகத்தில் ராஜா, மந்திரி, ராணி மூவரும் அவனே. உடல்நலப் பகுதியில் பேசிய "டாக்டர்" வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவச் சொன்னார். மறுநாள் ஊரில் நுங்கு கிடைக்கவில்லை.

"இப்பத்தான்வே திருச்சிக்காரனுக்கு நம்ம பாசை புரியுது," என்று சனம் பேசிக்கொண்டது. கூட்டம் கூடியது.

பாட்டுக்கு நடுவில் சன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது வேலியில் கட்டிய ஆடு குரோட்டன்ஸ் செடியை மேய்ந்துகொண்டிருந்தது. வில்பிரட்டின் வாய் சும்மா இருக்கவில்லை, மைக்கிலேயே சொல்லிவிட்டான். ஆடு விஷயம் இவ்வளவுதான்.*

* ஆட்டுக்காக வந்தவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். இருப்பவர்களுக்கு இனிமேல்தான் கஷ்டம்.

கண்டுபிடித்தது ஒரே ஆள். பூங்காவுக்கு எதிரே சர்பத் கடை வைத்திருந்த காயல்பட்டினத்து ஹாமிது. அந்த ஊர்ப் பேச்சில் அண்ணனுக்குக் 'காக்கா' என்று பெயர்.

"ஏலே வில்பிரட்டு, ஒனக்குத் தடுமம் புடிச்சு மூக்கடைச்சா திருச்சி டாக்டருக்கும் அடைக்குதே, அது என்ன மாயம்?"

"காக்கா, ஒம்ம கால்ல விழுதேன். வெளிய சொல்லிராதேயும்."

"நான் ஏன் சொல்லுதேன்? ஒன் டாக்டர நாளைக்கி நன்னாரி சர்பத்து ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லச் சொல்லு."

சொன்னார்.

5

இப்போது செய்தி. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஹாமிதுவின் கடையில் பத்திரிகையைப் படித்து அதையே சாயங்காலம் மைக்கில் சொல்வது வில்பிரட்டின் முறை. ஆனால் அந்த மாதங்களில் பத்திரிகை முழுக்கத் தோல்வி. பாட்டுக்குத் தலையாட்டிய கூட்டம், செய்திக்கு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று. அவனால் அதைத் தாங்க முடியவில்லை. மூழ்கிய கப்பலைப் பாதி மூழ்கியது என்றான். பிறகு கப்பலையே விட்டுவிட்டான்.

கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவது ஜேசுபாதமும் அவன் பெண்சாதி விக்டோரியாவும். ஜேசுபாதம் கொழும்புக்குப் போய்வரும் தோணி ஒன்றுக்குத் தண்டல்; காற்றையும் கடலையும் பார்த்து ஓட்டுகிற தலைவன். வெங்காயமும் கருவாடும் ஏற்றியாகிவிட்டது. கடலில் ஜப்பான்காரன் திரிகிறான் என்ற பேச்சில் பாய் விரிக்காமல் கரையிலேயே கிடந்தான். வில்பிரட்டுக்கு அண்ணன் முறை.

இதெல்லாம் வில்பிரட்டுக்குத் தெரியுமா? முதல் பிரதியில் தெரியாது என்று எழுதியிருந்தேன். அவனைக் காப்பாற்ற. இப்போது அடித்துவிட்டேன். தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலை, கைதட்டல் கேட்கவேண்டும்போல் இருந்தது அவனுக்கு. "தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடலில் எந்த அபாயமும் இல்லை. தோணிகள் தாராளமாகப் போய் வரலாம்," என்றான்.

தட்டினார்கள். இடுக்கு வழியே அவன் பார்த்தான். ஜேசுபாதம் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தான்.

"கேட்டியாளா? ரேடியோவே சொல்லிட்டு."

"என்னமோ, எனக்கு மனசு சரியில்ல," என்றாள் விக்டோரியா. "பாஸ்குத் திருநா முடிஞ்சி போனா என்னவாம்?"

"திருச்சிக்காரனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிரப் போவுது?"

வில்பிரட் மைக்கின் பக்கம் திரும்பினான். மைக் திறந்துதான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். "அடுத்து, வாய்ப்பாட்டு," என்றான்.

விடிந்ததும் அண்ணனை நிறுத்தக் கடற்கரைக்கு ஓடினான். தோணி பாய் விரித்துப் போய்விட்டிருந்தது. அங்கே நின்றுகொண்டிருந்த விக்டோரியா அவனைப் பார்த்துச் சிரித்தாள். "உம்ம ரேடியோ புண்ணியம், தைரியமா போயிட்டாவ," என்றாள்.

6

பாஸ்கு ஞாயிறு காலையில் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன.

(இதை நான் கட்டவில்லை. கட்டியிருந்தால் வேறு நாள் பார்த்திருப்பேன். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று குண்டா, ரொம்ப ஓவர் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.)

அன்று மாலைக்குள் ஊருக்கு வந்தது வெறும் வதந்தி. துறைமுகமே இல்லை என்றார் ஒருவர். தோணிகளெல்லாம் எரிந்தன என்றார் இன்னொருவர். ஒன்றுமே இல்லை, பட்டாசு என்றார் மூன்றாமவர். பத்திரிகை வரவில்லை. உண்மை தெரிந்த ஒரே இடம் பூங்கா என்று ஊர் முழுக்கப் புத்தாடையோடு வந்து நின்றது. உட்காரப் புல் இல்லை. தோணிக்காரர் வீட்டுப் பெண்கள் அறையின் படிவரை நெருங்கி நின்றார்கள். பாட்டு வேண்டாம், டாக்டர் வேண்டாம், செய்தியைப் போடு என்று கத்தினார்கள்.

உள்ளே வில்பிரட்டிடம் ஒரு செய்தியும் இல்லை.

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவு: "தோணிகள் அனைத்தும் பத்திரம்" என்கிறான். அப்படியே நடக்கிறது. ஜேசுபாதம் வருகிறான். கல்யாணம். ஜேசுபாதம் மாப்பிள்ளைத் தோழன். எழுதி முடித்ததும் எனக்கே வாய் கசந்தது.

இரண்டாவது: வெளியே வந்து உண்மையைச் சொல்கிறான். கூட்டம் அவனைத் துவைத்து எடுக்கிறது. நேர்மையான முடிவு. ஆனால் அடி வாங்கியவனுக்கு மனசு லேசாகும். விக்டோரியாவுக்கு என்ன ஆகும்? பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாளா?

மூன்றாவது: செத்த பெட்டி தானாகவே உயிர் பெற்று... இதை எழுதிய அன்று எனக்குக் காய்ச்சல்.

எதைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கதவைத் தட்டும் சத்தம். நான் எழுதியது இல்லை. மூன்று பிரதியிலும் விக்டோரியா படி ஏறவே இல்லை.

7

"வில்பிரட்டு, தெறவும்."

திறந்தான். கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு அவள் உள்ளே பார்த்தாள். ரேடியோப் பெட்டியின் முதுகுப்பலகை கழன்று கிடந்தது. உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது. மைக் மட்டும் துடைத்து வைத்தாற்போல இருந்தது. அவளுக்குப் பள்ளிப்படிப்பு இல்லை. ஆனால் இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு எதற்கு?

"இது எத்தன நாளா இப்பிடிக் கெடக்கு?"

"சிங்கப்பூரு விழுந்ததுலருந்து, மதினி."

"அப்ப பாட்டு?"

"நாந்தான்."

"டாக்டரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே சத்தம் அதிகமாகியது.

"கடல்ல பயமில்ல, போவலாம்னு சொன்னது?"

"மதினி, எம் புத்திய..."

"சொல்லும்."

"நாந்தான்."

அறைவாள் என்று எதிர்பார்த்தான். நானும் எதிர்பார்த்தேன், அறைந்திருந்தால் எங்கள் இருவருக்கும் வேலை சுளுவாக முடிந்திருக்கும். அவள் அழவும் இல்லை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு சுவரோடு நின்றாள்.

"உம்ம வாய நம்பித்தான் அவிய போனாவ," என்றாள். "இப்ப அதே வாயால அவியளக் கூட்டிட்டு வாரும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே மதினி! மாதா மேல ஆணை, ஒண்ணுமே தெரியாது!"

"அன்னிக்கு மட்டும் தெரிஞ்சா சொன்னீரு?"

வில்பிரட் மைக்கைத் திருகினான். ஒலிபெருக்கி கரகரத்தது. வெளியே ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அடங்கியது.

"திருச்சி வானொலி நிலையம். செய்திகள்," என்றான். அதற்கு மேல் ஒரு எழுத்தும் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான்.

எனக்கு ஒரு வரி போதும். "தோணி வந்தது" என்று எழுதினால் வந்துவிடும். "வரவில்லை" என்று எழுதினால் வராது. மை செலவுகூட அதிகம் இல்லை. ஆனால் எதை எழுதினாலும், கடலை எட்டிக்கூடப் பார்க்காமல் இங்கே மேசையில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுவேன். வில்பிரட் செய்ததும் இதுதான். என்னால் ஆகாது. பயமாக இருக்கிறது.

ஐயா, அம்மா, நீங்கள் சொல்லுங்கள். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு கேட்டீர்கள் அல்லவா? மைக் திறந்திருக்கிறது. ஊர் காத்திருக்கிறது. பொய்யானாலும் சரி, மெய்யானாலும் சரி, தெரியாது என்றாலும் சரி, உங்கள் இஷ்டம். ஆனால் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது. இங்கே சுவரோடு நிற்கிற இவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.