இரண்டாவது செவ்வாய்க்கிழமைப் பல்வலி

எனக்குப் பல்வலி என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தது நானேதான். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மட்டும் வெளியிலிருந்து இரண்டு டாக்டர்கள் வருவார்கள். நாலாம் நம்பர் அறையில் பல் டாக்டர், ஐந்தாம் நம்பர் அறையில் மனநல டாக்டர். காலை பத்து மணிக்கு வந்தால் மதியம் ஒரு மணிக்கு ஜீப் கிளம்பிவிடும். நான் போக வேண்டியது ஐந்தாம் நம்பர். அதைத் தெருவில் சொல்ல முடியுமா? எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் பத்து வருஷத்துக்கு முன்னால் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் இந்த வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்தார். தலையில் கரண்ட் வைத்து அனுப்பினார்களாம் என்று அன்றிலிருந்து அவர் பெயர் 'கரண்ட்'. பஞ்சர் ஒட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் மனைவியே ஒரு நொடி யோசிப்பாள். அதனால்தான் பல்வலி.

நான் எடை மேடையில் வேலை பார்க்கிறேன். கல் குவாரியிலிருந்து வரும் லாரி மேடையில் ஏறி நிற்கும். வண்டி நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்து, எண் ஆடாமல் நின்றதும் பட்டனை அழுத்தி, சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டுவேன். டிரைவர்கள் சீட்டைத்தான் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை என் காதில் விழும் பேச்சு, "எவ்வளவு?" என்ற ஒரே வார்த்தை. லாரி இல்லாதபோது திரையில் பூஜ்யம் நிற்கும். மூன்று மாதமாக அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பசி இல்லை, தூக்கம் இல்லை, அழுகைகூட ஒழுங்காக வரவில்லை.

சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கம்பவுண்டரிடம் போனேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் கம்மி என்று ஊசி போட்டார். மருந்துக்கடைக்காரர் ஒரு டானிக் கொடுத்தார், இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான் பலன். வெளியூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை போனில், "சும்மா போனையே பாத்துட்டுப் படுக்காத, தூக்கம் தானா வரும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷத்தில் மனுஷன் வேறு என்ன சொல்வார்?

அப்புறம்தான் அந்த லாரி வந்தது. மேடையின் ஓரத்தில் நின்றிருந்தேன். வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. நகர வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் நகர்ந்து என்ன ஆகப்போகிறது என்றும் இருக்கிறது. "சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் கத்திய பிறகே விலகினேன். அவர் கோபத்தில் சொன்னார். எனக்கு, கண்டுபிடித்துவிட்டாரே என்று இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தெரிந்தவர் ஒருத்தருக்காகக் கேட்கிறேன் என்று விசாரித்தேன். செவ்வாய்க்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அதை விட்டால் இன்னும் ஒரு மாதம். என்னை நம்பி என்னை ஒரு மாதம் விட்டுவைக்க முடியாது.

இதில் நான் எதிர்பார்க்காதது பக்கத்து வீட்டு டெய்லரக்காவை.

டெய்லரக்கா உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஊர்க் கதை முழுக்கப் பேசுவாள், ஒரு ஊசியும் விழாது. அவளிடம் ஒன்றைச் சொன்னால் போஸ்டர் அடித்து ஒட்டிய மாதிரி. செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், குடையும் தண்ணீர் பாட்டிலுமாக எனக்கு முன்னால் நிற்கிறாள்.

"பல்லு புடுங்கினா தலை சுத்தும்டி. ஒத்தையில போவியா? நான் எதுக்கு இருக்கேன்?"

"தச்சுக் குடுக்க வேண்டிய துணியெல்லாம் கெடக்குமேக்கா."

"கெடக்கட்டும். துணிக்கு என்ன வலிக்கவா போகுது?"

ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் இடத்தில், "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "பல்லு. கடைவாய்ப் பல்லு" என்று டெய்லரக்கா சொல்லிவிட்டாள். பத்தொன்பதாம் டோக்கன் கிடைத்தது. நாலாம் அறைக்கும் ஐந்தாம் அறைக்கும் நடுவில் ஒரே பெஞ்சு. ஐந்தாம் அறை வாசலில் மூன்றே பேர். அதில் ஒருத்தர் துண்டால் முகத்தை மூடியிருந்தார்.

"அந்தப் பக்கம் பாக்காத. பாவம், அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்" என்று அக்கா என் காதில் சொன்னாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள்.

இவளை எப்படியாவது கிளப்பிவிட வேண்டுமென்று, "டீ குடிச்சிட்டு வாங்கக்கா, நேரமாகும்" என்றேன்.

"நீ பல்லைப் புடிச்சுட்டு உக்காந்திருக்க, எனக்கு என்னடி டீ?"

பன்னிரண்டு மணிக்குள் ஐந்தாம் அறை வாசல் காலியாகிவிட்டது. எழுந்தால் ஆறே எட்டில் அறை. அந்த ஆறு எட்டை எடுத்து வைக்க முடியாமல் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் பத்தொன்பதாம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். நாற்காலியில் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள்.

"இது வலிக்குதா?"

"வலிக்குது."

"இது?"

"அதுவும்தான்."

"நாலு பல்லு தட்டினேன், நாலும் வலிக்குதுன்றீங்க. ஒண்ணுலயும் ஒரு சொத்தை இல்ல. எதைப் பாக்கட்டும்?"

வெளியே யாரோ, "ஜீப்பை முன்னாடி கொண்டு வாங்க" என்று சொல்வது கேட்டது. எனக்குப் பதறிவிட்டது. "ஏதாவது ஒண்ணைப் புடுங்கிடுங்கம்மா. வெளில அக்கா காத்துட்டு இருக்காங்க" என்றேன்.

அவள் கம்பியைக் கீழே வைத்தாள். "அக்காவுக்காக யாராவது நல்ல பல்லைப் புடுங்கிக்குவாங்களா? என்ன விஷயம், சொல்லுங்க."

மூன்று மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அந்த விளக்கு வெளிச்சத்தில், மார்பில் கட்டிய பிளாஸ்டிக் துணியோடு, மல்லாந்து படுத்தபடி அழுதேன். "அஞ்சாம் நம்பருக்கு வந்தேன்" என்பது மட்டும் வாயில் வந்தது.

இரண்டு அறைக்கும் பொதுவாகக் கை கழுவும் இடம் ஒன்று பின்னால் இருந்தது. அவள் அதன் வழியாகப் போய், தோளில் பையை மாட்டிக் கிளம்பத் தயாராக இருந்த மனநல டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். நரைத்த தலை, கசங்கிய சட்டை. முதலில் விளக்கை அணைத்தார். பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் எழப் பார்த்தேன்.

"படுத்தே இருங்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார்.

லாரியைப் பற்றிச் சொன்னேன். பூஜ்யத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பதறவில்லை, நல்லது நினை என்று புத்தியும் சொல்லவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டார், திரும்பவும் அப்படித் தோன்றியதா என்று நேராகவே கேட்டார். வெளியே ஜீப் ஹாரன் இரண்டு தடவை அடித்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மாத்திரை எழுதினார். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். எந்த நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு நம்பரையும் எழுதினார்.

"இது ஒரு வியாதி. இதுக்கு வைத்தியம் இருக்கு. ஆனா யாருக்கும் தெரியாம மறைச்சு வெக்க மட்டும் கூடாது. கூட இருக்கறவங்க ஒருத்தருக்காவது தெரியணும். யார் இருக்காங்க உங்களுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு நேரம் யோசிக்க வேண்டியிருந்ததே எனக்கு வெட்கமாக இருந்தது. "வெளில ஒரு அக்கா இருக்காங்க. பல்லுக்குத்தான் துணைக்கு வந்தாங்க. அவங்ககிட்டச் சொன்னா தெருவுக்கே தெரிஞ்சுடும்."

"இருக்கலாம். ஆனா ஒரு மாசம் நான் இங்க இருக்க மாட்டேன். அவங்க பக்கத்து வீட்டுல இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு பல் டாக்டர் ஒரு பஞ்சுருண்டையை என்னிடம் நீட்டினாள். "கடிச்சுக்கறதுன்னா கடிச்சுக்கோங்க. வெளில போய் என்ன சொல்றதுங்கறது உங்க இஷ்டம்."

கடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவுதான் தைரியம் இருந்தது.

பஸ்ஸில் டெய்லரக்கா என்னை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தாள். "பேசாத, ரத்தம் வரும்" என்றாள். கண்டக்டரிடம் போய், "பல்லு புடுங்கியிருக்கு, பள்ளம் பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்றாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று மாதமாக என்னை யாரும் தொட்டதில்லை. இவ்வளவு அக்கறையும் ஒரு பல்லுக்கு, அதுவும் வலிக்காத பல்லுக்கு. கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் இருக்கும்போதே நான் தனியாகத்தான் இருந்தேன். நாளைக்குக் காலையில் மறுபடியும் அந்த மேடை, அந்த லாரிகள். இவள் கடையில் உட்கார்ந்துகொண்டு, பல்வலி சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருப்பாள்.

"எந்தப் பல்லுடி? ரத்தம் நின்னுச்சான்னு பாக்கறேன், காட்டு."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"காட்டுடி, எங்கிட்ட என்ன வெக்கம்?"

பஞ்சை எடுத்தேன். வெள்ளையாகவே இருந்தது. வாயைத் திறந்து காட்டினேன். அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, விட்டுப்போன தையலைத் தேடுகிற மாதிரி மேலும் கீழும் பார்த்தாள். என் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எல்லாப் பல்லும் இருக்கே" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "அப்ப எதுடி வலிச்சுது?"

ஊர் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. லாரியிலிருந்து ஆரம்பித்தேன்.