மண்வில்லை இல்லாமல் வந்த தலைவர்

பேல் கோயில் விருந்துக் கூடத்தின் வாசல் என் பொறுப்பு. விருந்தாளி தன் அழைப்புச் சீட்டான மண்வில்லையை என் குடத்தில் போட்டால்தான் உள்ளே கால் வைக்கலாம். போன வருஷம் இருந்த காவலாளி மச்சானை வில்லையில்லாமல் விட்டதற்கு வேலையை இழந்தான். எனக்கு மச்சானே இல்லை, நல்லவேளை.

அன்று தத்மோர் நகரம் முழுக்க ஒரே குதூகலம். யர்ஹாய் நடத்திப்போன ஒட்டகக் கூட்டம் மிளகும் பட்டுமாய், ஒரு மூட்டை குறையாமல் திரும்பியிருந்தது. வசந்தத்தில் கிளம்பும் அடுத்த கூட்டத்துக்கு யார் தலைவர் என்று வணிகர்கள் அந்த விருந்தில்தான் முடிவு செய்வார்கள். தலைவர் பெயர் சொல்லும்வரை மதுவை ஊற்றக் கூடாது.

கடைசியாக யர்ஹாயே வந்து நின்றார். கையில் ஒன்றுமில்லை.

"வில்லை எங்க தலைவரே?"

"ஆளுங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தேன். ஒண்ணு கொறஞ்சுது. என்னோடத ஒட்டகக்காரன் தைமுகிட்ட குடுத்துட்டேன்."

"நல்லா குடுத்தீங்க! பேல் சாமியே வந்தாலும் வில்லை காட்டணும்."

"தெரியும். நான் ஒண்ணும் கேக்கலியே," என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தைமு அப்போதே உள்ளே போய்விட்டான். தலைவருக்கு எதற்கு வில்லை என்று நினைத்திருப்பான். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கதவு வழியாக மாலிக்குவின் குரல் கேட்டது. "யர்ஹாய் வரலியே! தலைமை வேண்டாம்னுதான் வரல. தாகம் தாங்கல, என் பேரச் சொல்லிட்டு ஊத்துங்கப்பா!"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டத்தை நடத்திப்போய், காய்ச்சலில் கிடந்த ஒட்டகக்காரர்கள் இரண்டு பேரைக் கிணற்றடியில் விட்டுவிட்டு வந்தவன் இந்த மாலிக்கு. பிழைத்து வந்தது ஒருவன்தான். உள்ளே போய்ச் சொல்லலாம் என்றால், காவலாளி கூடத்தில் வாய் திறந்தால் வேலை போகும்.

"சரி சரி, மாலிக்குனே வச்சுக்குவோம்," என்று யாரோ இழுத்தார்கள்.

எனக்கும் ஒரு வில்லை உண்டு. எல்லோரும் உட்கார்ந்த பிறகு கடைசிப் பந்தியில் ஆட்டுக்கறி. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை. இடுப்புத் துணியிலிருந்து அதை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"இந்தாங்க. சட்டப்படி குடத்துல போடுங்க."

"அப்ப நீ?"

"கேள்வி கேக்காதீங்க, கறி ஆறிடும்!"

போட்டார். போனார். பிறகு எழுந்த சத்தத்தில் தூண்மேல் இருந்த புறாக்கள் பறந்தன. ஒட்டகக்காரர்கள்தான் முதலில் அவர் பெயரைக் கத்தினார்கள், வணிகர்கள் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள். மாலிக்குவின் குரல் கேட்கவே இல்லை. நான் வாசலில் தனியாக நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஸப்தா! உள்ள வாய்யா, தலைவன் கூப்பிடறேன்!" என்று யர்ஹாய் கத்தினார்.

"வில்லை இல்லாம எப்படி வர்றது? சட்டம் சட்டம்தான்!"

கூடமே சிரித்து உருண்டது. அப்புறம் தைமு வந்தான், தலைமேல் பெரிய கறித் தாம்பாளத்தோடு. பின்னால் மதுக்குடத்தைத் தூக்கிக்கொண்டு யர்ஹாய். அவருக்குப் பின்னால் கூட்டத்தில் பாதி. எல்லோரும் என் வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"வெளிய உக்கார எதுக்குய்யா வில்லை? முதல் துண்டு உனக்குத்தான், எடு," என்றார் தலைவர்.