லீபிக்கின் வெள்ளியில் எட்டு விரல்

வேலைக்கான நேர்காணலில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"மேடையில நான் பேச வேண்டியிருக்குமா?"

பேராசிரியர் ஃபோல்ராத் அம்மையார் உரக்கச் சிரித்தார். "நீ ஒரு வார்த்தை பேசினாலே அதிகம் ஸ்வென்யா. பேசறதுக்குத்தான் நான் இருக்கேனே."

அதற்காகவே சேர்ந்தேன். விரிவுரைச் சோதனை உதவியாளர் என்பது பதவியின் பெயர். பேராசிரியர் முன்னால் நின்று பேசுவார். நான் பின்னால் நின்று எதையாவது எரிப்பேன், நிறம் மாற்றுவேன், வெடிக்க வைப்பேன். சோதனை சரியாக நடந்தால் என்னை யாரும் பார்க்கமாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

தகுதிகாண் காலம் டிசம்பர் கடைசியோடு முடிகிறது. அதற்கு முன் கிறிஸ்துமஸ் விரிவுரை. ஆண்டுக்கு ஒருமுறை ஊரே வேதியியல் துறைக்கு வரும் மாலை அது.

"உனக்கு முன்னாடி வுண்டர்லிஷ் இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை பார்த்தார். ஒரு சோதனைகூடத் தப்பினதில்ல" என்றார் பேராசிரியர். "இது நல்லா நடந்தா ஜனவரியில உனக்கு நிரந்தர வேலை. நடக்கலைன்னா, டீன் வேற ஆளைப் பார்க்கச் சொல்லுவார். நான் உனக்காகச் சண்டை போட ஏதாவது கையில இருக்கணும் இல்லையா?"

எங்கள் ஜெர்மன் பல்கலைக்கழக அரங்குகளில் யாரும் கைதட்டுவதில்லை. பிடித்திருந்தால் விரல் முட்டிகளால் மேசைப் பலகையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் காலணியைத் தரையில் தேய்ப்பார்கள். மாணவியாக முதலாண்டில் நான் கொடுத்த ஓர் உரையின் நடுவே அந்தத் தேய்ப்பைக் கேட்டேன். வாயில் இருந்த வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. அதன்பிறகு நான் மேடையில் வாய் திறந்ததில்லை.

இந்த ஆண்டு விரிவுரையின் பொருள் நம் நாட்டு வேதியியலாளர்கள். கடைசிச் சோதனை லீபிக்குடையது. வெள்ளி நைட்ரேட், அம்மோனியா, குளுக்கோஸ். மூன்றையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டுச் சுழற்றினால் உட்புறமெங்கும் வெள்ளி படிந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். பள்ளியில் டாலன்ஸ் சோதனை என்று சிறிய குழாயில் செய்வார்கள். நாங்கள் பூசணிக்காய் அளவுள்ள உருண்டைக் கிண்ணத்தில் செய்வோம். அது வெள்ளியாகும்வரை அரங்கம் எழுந்து நின்று கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும். மூன்று சரணம். பாட்டு முடியும்போது கிண்ணம் மின்ன வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஒரே எதிரி அழுக்கு. கண்ணாடியில் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் வெள்ளி ஒட்டாது. கிண்ணத்தைக் காரம் ஊற்றிக் கழுவினேன். காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசினேன். தயாரிப்பு அறையில் இடமில்லாததால் நடைபாதை மேசையில் கவிழ்த்து வைத்து ஒரு சீட்டு ஒட்டினேன்: 'சுத்தம் செய்தது. தொட வேண்டாம்.'

ஆய்வு மாணவன் டீலோ அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான், "எபர்லைன் பார்த்தா அவ்வளவுதான்."

எபர்லைன் எங்கள் கட்டடக் காப்பாளர். அறுபது வயது, சாம்பல் நிற மேலங்கி. நடைபாதை என்பது தீ விபத்தில் தப்பி ஓடும் வழி, அதில் ஒரு குடைகூட இருக்கக் கூடாது என்பது அவருடைய வேதம். பேராசிரியரின் சைக்கிளையே ஒருமுறை தூக்கி வெளியே வைத்தவர்.

"சீட்டு ஒட்டியிருக்கேனே" என்றேன்.

"அவர்கிட்ட உன்னோடதைவிடப் பெரிய சீட்டு இருக்கு. சுவத்துல, சட்டம் போட்டு" என்றான் டீலோ.

நான்கரை மணிக்குத் திரும்பி வந்தபோது நடைபாதையில் கிண்ணம் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அரங்க மேடையில் பத்திரமாக இருந்தது. பக்கத்தில் என் சீட்டு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. டீலோதான் கொண்டுவந்திருப்பான் என்று நினைத்தேன். அவன் கையுறை இல்லாமல் உப்புப் புட்டியைக்கூடத் தொடமாட்டான், அதனால் மறுபடி கழுவவில்லை. வெளியே கதவு திறந்துவிட்டது. முந்நூறு பேர் நுழைந்துகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் குழந்தைகள், கடைசி வரிசையில் சூடான மசாலா ஒயின் வாசனையோடு மூன்றாமாண்டு மாணவர்கள்.

பேராசிரியர் அன்று நல்ல குரலில் இருந்தார்.

"ஹாம்பர்க்ல ப்ராண்ட்னு ஒருத்தர். தங்கம் எடுக்கலாம்னு பக்கெட் பக்கெட்டா மூத்திரத்தைக் காய்ச்சினார். தங்கம் வரல. இருட்டுல ஒளிர்ற பாஸ்பரஸ் வந்தது. பாவம், அவர் வீட்டுக்காரம்மா!"

முன்வரிசையில் ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். "நீங்களும் காய்ச்சினீங்களா?"

"இல்லடி கண்ணு, நாங்க கடையில வாங்கினோம்."

விளக்கை அணைத்தேன். குடுவை பச்சையாக ஒளிர்ந்தது. மேசைகள் தடதடத்தன.

அடுத்து டோபரைனர். இங்கிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில், யேனாவில், தீக்குச்சிக்கு முன்பே அவர் செய்த தீமூட்டி. நான் குழாயைத் திறந்தேன். ஹைட்ரஜன் பிளாட்டினத்தில் பட்டதும் தானாகப் பற்றிக்கொண்டது. தடதட.

பிறகு புன்சனும் கிர்க்காஃபும். சிவப்பு, பச்சை, ஊதா என்று வரிசையாகத் தழல்களை ஏற்றினேன்.

"ஒருநாள் மான்ஹைம்ல தீப்பிடிச்சுதாம். இவங்க ரெண்டு பேரும் ஹைடல்பர்க் ஜன்னல்ல நின்னுக்கிட்டு நிறமாலைக் கருவியில பார்த்து, 'ஆகா, பேரியம் இருக்கு'ன்னாங்களாம். வேதியியல்காரங்களைக் கட்டிக்காதீங்க, சொல்லிட்டேன்."

"நீங்க கட்டிக்கிட்டீங்களே!" என்றது கடைசி வரிசை.

"அனுபவத்துல சொல்றேன்டா!"

எல்லாம் நன்றாக நடந்தது. கடைசியாகக் கிண்ணம்.

"முன்னாடி முகம் பார்க்கற கண்ணாடிக்குப் பின்னால பாதரசம் பூசுவாங்க. பூசறவங்களுக்குக் கை நடுங்கும், பல்லு விழும். லீபிக் வெள்ளியைக் கொண்டு வந்தார். உங்க வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்துல தொங்கற வெள்ளி உருண்டைக்குள்ள இருக்கறதும் இதே வேலைதான். எழுந்திருங்க, பாடலாம்!"

கரைசல்களை ஊற்றினேன். கையுறைக் கைகளால் கிண்ணத்தைச் சாய்த்துச் சுழற்றினேன். முதல் சரணத்தில் கரைசல் தேநீர் போலப் பழுப்பானது. இரண்டாவதில் கறுத்தது. மூன்றாவதில் அடியிலிருந்து வெள்ளி ஏறியது. அரங்க விளக்குகள் ஒவ்வொன்றாக அதில் தெரிந்தன. என் முகமும் தெரிந்தது, மூக்கு மட்டும் பெரிதாக.

விளிம்புக்குக் கீழே வெள்ளி நின்றது.

ஒரு பக்கம் நான்கு ஓட்டைகள். எதிர்ப்பக்கம் நான்கு. நீள்வட்டமாக, அழுக்குப் பழுப்பில். சுழற்றினேன். மாறவில்லை. பாட்டு முடிந்தது. முந்நூறு பேர் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். அவருக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

கடைசி வரிசையில் ஒரு காலணி தேய்ந்தது. பிறகு இன்னொன்று.

நான் ஓட்டைகளை எண்ணினேன். எட்டு. அகலக் கிண்ணத்தை இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் கட்டைவிரல்கள் வெளியே இருக்கும், மற்ற எட்டும் உள்ளே இருக்கும். நிமிர்ந்தேன். கதவருகே எபர்லைன் நின்றிருந்தார். மேலங்கியின் மார்பில் வெள்ளையாகச் சர்க்கரைத் தூள். நான்கு மணிக்குக் காவலறையில் காப்பியோடு ஷ்டோலன் என்ற கிறிஸ்துமஸ் கேக் வெட்டியிருக்கிறார்கள். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பீட்ரூட் ஆகியிருந்தது.

பேசாமல் இருந்தால் பிழை என்னுடையது. அவரைக் காட்டினால் முந்நூறு பேரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"வெண்ணெய்" என்றேன்.

குரல் மெல்லத்தான் வந்தது. ஆனால் பேராசிரியரின் ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது. அரங்கம் முழுதும் அது வெண்ணெய் என்றது.

தேய்ப்பு நின்றது.

"ஷ்டோலன் வெண்ணெய்" என்றேன். "கண்ணுக்குத் தெரியாது. வெள்ளிக்குத் தெரியும். பசை இருக்கற இடத்துல வெள்ளி ஒட்டாது. இதைக் கடைசியா யார் தூக்கினாங்களோ அவங்க விரல் இது. எட்டும் இருக்கு."

அப்புறம் கதவருகே ஒரு கனத்த குரல்.

"அது நான்தான்!"

எபர்லைன் படிகளில் இறங்கி வந்துகொண்டிருந்தார். "நான்தான் தூக்கினேன். தப்பி ஓடற வழியில பொருள் வைக்கக் கூடாது. விதி எண் நாலு!"

"தொட வேண்டாம்னு சீட்டு இருந்ததே, எபர்லைன் சார்?" என்றார் பேராசிரியர். அவருக்குக் குரல் திரும்பியிருந்தது.

"இருந்தது. பத்திரமா மடிச்சு வெச்சிருக்கேன்."

அரங்கம் வெடித்தது. எபர்லைன் மேடையேறி, எல்லாரும் பார்க்கும்படி கைகளை உயர்த்திக் காட்டி, கிண்ணத்தின் வெளியே இருந்து ஓட்டைகளின் மேல் விரல்களை வைத்தார். எட்டும் பொருந்தின. சுண்டுவிரல் சற்று வளைந்திருப்பதுகூட.

"கைது பண்ணுங்க!" என்றான் டீலோ.

முதலில் முன்வரிசைக் குழந்தைகள் தட்டினார்கள். பிறகு எல்லா வரிசையும். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அந்த மூன்றாமாண்டு மாணவர்கள் இரண்டு கையாலும் தட்டினார்கள்.

மூத்திரம் பற்றிக் கேட்ட சிறுமி மேடை விளிம்புக்கே வந்துவிட்டாள். "என் விரலும் வருமா?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். எதையும் இரண்டாக எடுத்து வைப்பது என் வழக்கம். மேசைக்கு அடியிலிருந்து மாற்றுக் கிண்ணத்தை எடுத்தேன்.

"வரும். ஆனா முதல்ல வெண்ணெய் வேணும்" என்றேன்.

எபர்லைன் மிச்ச ஷ்டோலனைக் கொண்டுவர ஓடினார். நடைபாதையில் தடுக்க எதுவும் இல்லாததால் சீக்கிரமே வந்தார். பதினேழு குழந்தைகள் ஒரு துண்டு தின்று, ஒரு விரல் பதித்தார்கள். மக்கள் மறுபடி எழுந்து அதே மூன்று சரணங்களைப் பாடினார்கள், இம்முறை இன்னும் மோசமாக. நான் சுழற்றினேன்.

எல்லாரும் போன பிறகு பேராசிரியர் மேடைப் படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார்.

"டீன் மூணாவது வரிசையில இருந்தார். பார்த்தியா?"

"இல்லை."

"ரெண்டு கை முட்டியும் சிவக்கத் தட்டினார். ஜனவரி ரெண்டாம் தேதி வந்து கையெழுத்துப் போடு." கொஞ்சம் யோசித்தார். "ஒரு வார்த்தை பேசினாலே அதிகம்னு சொன்னேன் இல்ல? அதை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

அடுத்த டிசம்பரில் தயாரிப்புப் பட்டியலைப் புதிதாக எழுதினேன். வெள்ளி நைட்ரேட். அம்மோனியா. குளுக்கோஸ். உருண்டைக் கிண்ணம், இரண்டு. ஷ்டோலன், இரண்டு கிலோ. எபர்லைன், ஒன்று, கழுவாதது.